கடைசிப் பெஞ்சுக்கும் சேர்த்தே பிரியாவிடை



பிப்ரவரி மாதம் வந்துவிட்டால் நம் பள்ளிகளில் இரண்டு விதமான சத்தங்களைக் கேட்கலாம். ஆண்டு விழாவுக்கும் பிரியாவிடை விழாவுக்கும் ஒத்திகை பார்க்கும் ஒலிபெருக்கியின் சத்தம் ஒன்று. சிறப்பு வகுப்பில் ஒரு மதிப்பெண் வினாக்களை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்யும் பிள்ளைகளின் சத்தம் மற்றொன்று. மாங்காட்டிலும், அதைச் சுற்றியுள்ள குன்றத்தூர், பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்று சென்னையின் மேற்குப் புறநகர் முழுவதிலும் இந்த இரண்டு சத்தங்களும் ஒரே நேரத்தில் எழுகின்றன. கொண்டாட்டமும் கலக்கமும் கைகோர்த்து வரும் காலம் இது.

இந்த நாட்களில் நாம் பெரும்பாலும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறோம். யார் நூற்றுக்கு நூறு எடுப்பார், யார் பள்ளியில் முதலிடம் பெறுவார் என்பதே நம் பேச்சு. ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் இன்னொரு பிள்ளை இருக்கிறது. கடைசிப் பெஞ்சில் அமர்ந்து, திருப்புதல் தேர்வில் இருபதும் இருபத்தைந்தும் வாங்கி, பிரியாவிடை விழா அன்று காலையிலேயே வந்து எல்லோருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டு, பிறகு தேர்வு அன்று காணாமல் போய்விடும் பிள்ளை அது. அந்தப் பிள்ளையை மனத்தில் வைத்து இந்தச் சில வார்த்தைகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பிரியாவிடை ஏன் தேவை?

தமிழகத்தில் பள்ளிப் படிப்பு இரண்டு படிகளில் முடிகிறது. முன்பு பதினோராம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. அதை முடித்தவர்கள் கல்லூரிக்குச் சென்று புகுமுக வகுப்பில் சேர்ந்தார்கள். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது பத்தாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. ஆனது. பிளஸ் டூ முதல் அணி 1980இல் பொதுத்தேர்வு எழுதியது. அன்று முதல் நம் பிள்ளைகளுக்கு இரண்டு பிரிவுகள் உண்டு. உயர்நிலைப் பள்ளியில் படிப்பவர்கள் பத்தாம் வகுப்போடு விடைபெறுகிறார்கள். மற்றவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து விடைபெறுகிறார்கள்.

பிரியாவிடை விழாவின் வடிவம் பெரும்பாலான பள்ளிகளில் ஒன்றுதான். பிளஸ் ஒன் மாணவர்கள் தங்கள் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் விழா எடுக்கிறார்கள். வகுப்பு வாரியாகக் குழுப் புகைப்படம் எடுக்கப்படுகிறது. தலைமை ஆசிரியர் அறிவுரை கூறுகிறார். ஓரிரு மாணவர்கள் மேடையேறி நினைவுகளைப் பகிர்ந்துகொள்ள வந்து, பேச முடியாமல் அழுதுவிடுகிறார்கள். ஒரு காலத்தில் ஆட்டோகிராப் நோட்டு கை மாறியது. இன்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனாலும், "என்னை மறந்துவிடாதே" என்ற வேண்டுகோள் மட்டும் மாறவில்லை.

மாங்காடு போன்ற ஊரில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. மாந்தோப்புகளால் பெயர் பெற்ற இவ்வூர் இன்று வேகமாக வளர்ந்துவிட்ட புறநகர். அம்பத்தூர் தொழிற்பேட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களில் வேலை செய்யும் குடும்பங்கள் பல மாவட்டங்களிலிருந்தும் வந்து வாடகை வீடுகளில் குடியிருக்கின்றன. பக்கத்து வீட்டாரின் பெயர் தெரியாமலேயே ஆண்டுகள் கழிகின்றன. இப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளைக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளக் கிடைக்கும் முதல் இடம் பள்ளிக்கூடம்தான். அந்த இடத்தைவிட்டுப் போகும்போது, "நீயும் எங்களில் ஒருவன்" என்று நாலு பேர் நடுவில் சொல்வது பெரிய காரியம். முதல் மதிப்பெண் எடுப்பவனுக்கு அந்த வார்த்தை வேறு பல மேடைகளிலும் கிடைக்கும். கடைசிப் பெஞ்சில் இருப்பவனுக்கு அது கிடைக்கும் ஒரே மேடை இதுவாகவும் இருக்கலாம்.

ஆகவே விழாவை எளிமையாக வைப்பது நல்லது. எல்லோரும் ஒரே நிறத்தில் புடவை, வேட்டி சட்டை, தலைக்கு இவ்வளவு வசூல் என்று தொடங்கினால், பணம் கொடுக்க இயலாத பிள்ளை, "அன்னிக்கு எனக்கு உடம்பு சரியில்லை மிஸ்" என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடும். சீருடையிலேயே விழா நடத்தினால் யாருக்கும் குறைவில்லை. குழுப் புகைப்படத்தில் ஒரு முகமும் விடுபடாமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம்.

பிரியாவிடை இல்லாத ஆண்டுகள்

ஒன்று இல்லாமல் போகும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. 2020 மார்ச் மாதத்தில் கொரோனா ஊரடங்கு வந்தபோது பத்தாம் வகுப்புத் தேர்வு தள்ளிவைக்கப்பட்டு, பின்னர் ஜூன் மாதம் ரத்து செய்யப்பட்டது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களுக்கு 80 விழுக்காடும், வருகைப்பதிவுக்கு 20 விழுக்காடும் என்று கணக்கிட்டு மதிப்பெண் வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 2021இல், பிளஸ் டூ தேர்வும் ரத்தானது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன் மதிப்பெண்ணிலிருந்து 20 விழுக்காடு, பிளஸ் டூ செய்முறை மற்றும் அக மதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு எனக் கூட்டி மதிப்பெண் தரப்பட்டது.

அந்தப் பிள்ளைகள் கடைசித் தேர்வை எழுதவில்லை. கடைசி நாளில் ஒருவர் சட்டையில் ஒருவர் மை தெளித்து விளையாடவும் இல்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமலே பிரிந்தார்கள். இதில் நமக்கு ஒரு பாடமும் உண்டு. யாரும் பெரிதாக எண்ணாத காலாண்டுத் தேர்வும், சாதாரண நாளின் வருகைப்பதிவும்தான் அன்று அந்தப் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தன. "எல்லாம் பப்ளிக்கில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

காலியாக இருந்த இருக்கைகள்

2023ஆம் ஆண்டு மார்ச் 13 அன்று பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்கியது. முதல் நாள் மொழிப்பாடத் தேர்வு. அன்று தமிழகம் முழுவதும் சுமார் 50 ஆயிரம் பேர் தேர்வு எழுத வரவில்லை என்ற செய்தி எல்லோரையும் திடுக்கிட வைத்தது. பெயர்ப்பட்டியலில் பெயர் இருந்தது. தேர்வு எண் ஒதுக்கப்பட்டிருந்தது. மேசையில் எண் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. ஆனால் பிள்ளை வரவில்லை.

அவர்கள் அந்த ஒரு நாள் காலையில் திடீரென்று காணாமல் போனவர்கள் அல்லர். கொரோனா ஆண்டுகளிலும் அதன் பின்னரும் பள்ளியோடு தொடர்பு சிறிது சிறிதாக அறுந்துபோன பிள்ளைகள் அவர்களில் இருந்தார்கள். இப்படிப் பள்ளியைவிட்டு விலகும் பிள்ளையை எல்லா ஊரிலும் பார்க்கலாம். முதலில் வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு. பிறகு, "கேட்டரிங் வேலைக்குப் போனா ஒரு நாளைக்கு இவ்வளவு கிடைக்குது" என்ற பேச்சு. பிறகு திருப்புதல் தேர்வுக்கு வராமை. அதன் பிறகு, "எப்படியும் ஃபெயில்தான், எதுக்குப் போய் உட்காரணும்?" என்ற முடிவு. பெண் பிள்ளையாக இருந்தால் கதை வேறு மாதிரி. வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பார்கள், அல்லது வரன் வந்திருக்கிறது என்பார்கள்.

தேர்வில் தோற்றவரைவிடத் தேர்வுக்கு வராதவரை மீட்பது கடினம். தோற்றவர் இன்னும் நம் பார்வையில் இருக்கிறார். வராதவர் பார்வையைவிட்டே போய்விடுகிறார். பிரியாவிடைக்கும் தேர்வுக்கும் இடையில் உள்ள சில வாரங்கள்தான் இந்தப் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு.

முப்பத்தைந்து என்னும் கணக்கு

"எனக்கு வராது சார்" என்று சொல்லும் பிள்ளைக்கு ஆறுதல் வார்த்தையைவிடக் கணக்கு அதிகம் உதவும். எத்தனை மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி என்று தெளிவாகத் தெரியாமலே பல பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பெற்றோருக்கும் இது தெரிவதில்லை. எனவே சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

பிளஸ் டூவில் ஆறு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், மொத்தம் 600. முன்பு இருந்த 1200 மதிப்பெண் முறை 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னில் தொடங்கி மாற்றப்பட்டது. ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுத்தால் தேர்ச்சி. இயற்பியல், வேதியியல் போன்ற செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறைத் தேர்வு 20, அக மதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 எடுக்க வேண்டும். செய்முறை இல்லாத பாடங்களில் எழுத்துத் தேர்வு 90, அக மதிப்பீடு 10. இங்கே எழுத்துத் தேர்வில் குறைந்தது 25 தேவை.

இதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். ஒரு மாணவர் இயற்பியல் செய்முறைத் தேர்வில் 15, அக மதிப்பீட்டில் 8 எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் ஏற்கெனவே 23 இருக்கிறது. எழுத்துத் தேர்வில் குறைந்தபட்ச அளவான 15 எடுத்துவிட்டால் மொத்தம் 38. அவர் தேறிவிடுகிறார். இயற்பியல் வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் மட்டுமே 15 இருக்கின்றன. அவற்றோடு சில இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் வினாக்களையும் எழுதப் பழகினால் போதும். மலை போலத் தெரிந்தது மேடு அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

இதே கணக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. செய்முறைத் தேர்வுக்கு வராமல் விட்டால், அந்த 20 மதிப்பெண்ணையும் எழுத்துத் தேர்விலேயே தேட வேண்டியிருக்கும். அக மதிப்பீட்டில் வருகைப்பதிவுக்கும் இடம் உண்டு. ஆகவே பிப்ரவரி மாதச் செய்முறைத் தேர்வுக்கு எந்தப் பிள்ளையும் வராமல் இருந்துவிடக் கூடாது. வீடு தேடிப் போயாவது அழைத்து வர வேண்டும்.

தேர்வு அறையில்

பொதுத்தேர்வு காலை 10 மணிக்குத் தொடங்குகிறது. முதல் பத்து நிமிடங்கள் வினாத்தாளைப் படிக்க. அடுத்த ஐந்து நிமிடங்கள் விடைத்தாளின் முகப்பில் உள்ள விவரங்களைச் சரிபார்க்க. 10.15 முதல் 1.15 வரை மூன்று மணி நேரம் எழுதலாம். இந்தப் பத்து நிமிடத்தைப் பல பிள்ளைகள் பதற்றத்திலேயே கழித்துவிடுகிறார்கள். தெரிந்த வினா எது, தெரியாத வினா எது என்று அப்போதே பிரித்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். திருப்புதல் தேர்விலேயே இதற்குப் பயிற்சி கொடுக்கலாம்.

மாங்காட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பார்வையற்ற மாணவர்களும் இதே பொதுத்தேர்வைத்தான் எழுதுகிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆசிரியர் நியமிக்கப்படுகிறார். ஒரு மணி நேரம் கூடுதலாக வழங்கப்படுகிறது. யாரும் இதைச் சலுகை என்று குறைத்துப் பேசுவதில்லை. ஒரு பிள்ளை தனக்குத் தெரிந்ததைத் தாளில் காட்டுவதற்கு என்ன உதவி வேண்டுமோ அதைச் செய்வது சமூகத்தின் கடமை என்று ஏற்றுக்கொண்டிருக்கிறோம். எழுத்துக்கூட்டிப் படிப்பதில் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் உரிய மருத்துவச் சான்றோடு இத்தகைய உதவிகள் உண்டு. "மக்கு" என்று நாம் பட்டம் சூட்டிய பிள்ளைக்கு உண்மையில் தேவைப்பட்டது இந்த உதவியாக இருந்திருக்கலாம் அல்லவா? ஆனால் இதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பின் தொடக்கத்திலேயே பெற்றோர் தலைமை ஆசிரியரைச் சந்தித்துப் பேசுவது நல்லது.

இந்தச் சில வாரங்களில் என்ன செய்யலாம்?

மாங்காட்டில் தேர்வு நுழைவுச் சீட்டை அம்மன் சந்நிதியில் வைத்து வேண்டிக்கொள்ளும் பெற்றோரைக் காணலாம். செங்கல்பட்டை அடுத்த செட்டிப்புண்ணியம் ஹயக்ரீவர் கோயிலுக்குப் பேனாவோடு செல்லும் பிள்ளைகள் உண்டு. கிறிஸ்தவப் பள்ளிகளில் தேர்வுக்கு முன் மாணவர்களுக்காக ஆசீர் வேண்டும் வழிபாடு நடக்கிறது. எந்தச் சமயத்தவராக இருந்தாலும் அந்த வேண்டுதலின் பொருள் ஒன்றுதான்: என் பிள்ளை கலங்காமல் இருக்க வேண்டும். அந்த வேண்டுதலுக்கு நம் கைகளும் துணைசெய்ய வேண்டும்.

ஆசிரியப் பெருமக்கள் மெல்லக் கற்கும் மாணவர்களுக்காகத் தனிக் கையேடு தயாரித்து, மாலை நேரத்திலும் விடுமுறையிலும் வகுப்பு எடுக்கிறார்கள். நன்றியோடு நினைக்க வேண்டிய உழைப்பு இது. அதனோடு இன்னொன்றும் தேவை. மூன்று நாள் வராமல் நான்காம் நாள் வரும் மாணவனிடம், "ஏன்டா வரலை?" என்று கேட்பதற்கு முன், "வாப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டுப் பாருங்கள். பயந்து ஒதுங்கிய பிள்ளை, தன்னை ஒருவர் தேடினார் என்று அறிந்தால் மறுநாளும் வரும்.

பெற்றோர் செய்யக்கூடியது படிப்புச் சொல்லிக் கொடுப்பது மட்டுமல்ல. ஒரே அறை உள்ள வீட்டில் இரவு இரண்டு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்தி வைப்பதும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல் இருப்பதும், தேர்வு நாட்களில் உறவினர் வீட்டு விசேஷங்களைத் தவிர்ப்பதும் பெரிய உதவிகள். பெண் பிள்ளையின் படிப்பைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்த எண்ணும் பெற்றோருக்கு ஒரு செய்தி: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. பள்ளியில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

சக மாணவர்களுக்கும் பங்கு உண்டு. நன்றாகப் படிக்கும் ஒருவர், படிக்கத் திணறும் ஒருவருக்குத் தினமும் அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தால், சொல்லிக் கொடுப்பவருக்கும் அது திருப்புதலாகவே அமையும். தேர்வு அன்று காலையில், "கிளம்பிட்டியாடா? வீட்டு வாசலில் நிக்கிறேன்" என்று ஒரு நண்பன் வந்து நின்றால், தேர்வைத் தவிர்க்க நினைத்த பிள்ளையும் சைக்கிளில் ஏறிவிடும். ஆட்டோகிராப்பில் எழுதும் எந்த வரியைவிடவும் இது உயர்ந்த நட்பு.

முடிவு வரும் நாள்

2025ஆம் ஆண்டில் 7,92,494 பேர் பிளஸ் டூ தேர்வு எழுதி, 7,53,142 பேர் தேர்ச்சி பெற்றார்கள். தேர்ச்சி விழுக்காடு 95.03. பத்தாம் வகுப்பில் 8,71,239 பேர் எழுதி, 8,17,261 பேர் தேர்ச்சி பெற்றார்கள். அது 93.80 விழுக்காடு. மகிழ வேண்டிய எண்கள்தான். ஆனால் கழித்துப் பாருங்கள். பிளஸ் டூவில் 39,352 பேர், பத்தாம் வகுப்பில் 53,978 பேர் மீதம் இருக்கிறார்கள். இரண்டையும் கூட்டினால் தொண்ணூற்று மூன்றாயிரத்துக்கும் மேல். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தேறும் இடத்தில் தேறாத ஐந்து பேரின் வேதனை அதிகமாகத்தான் இருக்கும். தெருவே இனிப்பு வழங்கும்போது ஒரு வீடு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும்.

இந்த வேதனையை ஓரளவு குறைக்கும் நோக்கத்தோடுதான் 2017ஆம் ஆண்டு முதல் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு கைவிட்டது. 2025இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வையும் அரசு விலக்கிக்கொண்டது. அரசே பட்டியலை நிறுத்திய பிறகும் நாம் ஏன் வீட்டிலும் தெருவிலும் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம்?

தேர்ச்சி பெறாத பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டியது, அந்த ஆண்டு வீணாகிவிடவில்லை என்பதே. முன்பு தோல்வியடைந்தவர்கள் செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருந்தார்கள். இப்போது மே மாதத்தில் முடிவு வந்ததும் ஜூன், ஜூலை மாதங்களிலேயே துணைத்தேர்வு நடக்கிறது. தேறாத பாடத்தை மட்டும் எழுதினால் போதும். தேறிவிட்டால் அதே ஆண்டிலேயே கல்லூரியில் சேர வழி உண்டு. பிளஸ் டூ மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் விடைத்தாளின் நகலைப் பெற்று, மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பு தேறியவர் பிளஸ் டூவில் தவறினாலும், பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு பாலிடெக்னிக்கில் சேரலாம். அம்பத்தூரில் உள்ளதைப் போன்ற அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் எட்டாம் வகுப்புத் தகுதியிலேயே சேரக்கூடிய தொழிற்பிரிவுகளும் இருக்கின்றன. நம்மைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் இயந்திரங்களின் முன் நிற்பவர்களில் இந்த வழியாக வந்தவர்கள் ஏராளம்.

இவற்றைத் தேர்வு முடிவு வந்த பிறகு சொன்னால் ஆறுதலாக மட்டுமே கேட்கும். பிரியாவிடை மேடையிலேயே சொன்னால் நம்பிக்கையாக நிற்கும். "ஒருவேளை ஒரு பாடம் போய்விட்டால் மறுநாளே பள்ளிக்கு வா. துணைத்தேர்வுக்கு நாங்கள் பணம் கட்டி, பாடம் சொல்லித் தருகிறோம்" என்று தலைமை ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தைக் கடைசிப் பெஞ்சில் இருப்பவன் மறக்க மாட்டான்.

முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். திட்டுவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். பேசாமல் ஒடுங்கிப்போகும் பிள்ளை, சாப்பிட மறுக்கும் பிள்ளை, "நான் இருந்து என்ன பயன்?" என்று சொல்லும் பிள்ளை இவர்களின் அருகிலேயே இருங்கள். 104 மருத்துவ உதவி எண்ணிலும், 14416 டெலி மானஸ் எண்ணிலும், பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண்ணிலும் பேசலாம். பிள்ளை பேசத் தயங்கினால் பெற்றோரே பேசலாம்.

சிந்திப்போம்

அன்புக்குரியவர்களே, பிரியாவிடை விழாவுக்கு வந்தவர்களின் பட்டியலும், தேர்வு அறையில் அமர்ந்தவர்களின் பட்டியலும் ஒன்றாக இருக்க வேண்டும். முடிவு வந்த மறுநாள் பள்ளி வாசலில் தயங்கி நிற்கும் பிள்ளையும் அதே பட்டியலில் உள்ள பிள்ளைதான். குழுப் புகைப்படத்தை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கடைசி வரிசையில், ஓரத்தில், பாதி முகம் மறைந்து நிற்கும் அந்தப் பிள்ளையின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் இன்று மாலையே அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். தெரியாவிட்டால் முதலில் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது.